ஹீட்சிங்க் இடுக்கை அடைத்தால் லேப்டாப் குளிருமா? கேள்வி பதில்

புதுச்சேரியில் லேப்டாப் பழுது பார்ப்பதே என் தொழில். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி சூட்டைப் பற்றியவை. அவற்றில் காற்றுக் கசிவைச் சுற்றியே அமைந்தவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: ஐயா, விசிறிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை டேப் ஒட்டி அடைத்தால் சூடு குறையும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான் தம்பி, ஆனால் எந்த இடுக்கை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லேப்டாப் விசிறி மேசை விசிறியைப் போன்றதன்று. காற்றை நடுவில் உறிஞ்சி, பக்கத்தில் உள்ள வாய் வழியாகத் தள்ளும் வகையைச் சேர்ந்தது. அந்த வாய்க்கு எதிரே, சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் நிற்கின்றன. செம்பாலான ஹீட் பைப், தனக்குள் அடைபட்டிருக்கும் சிறிதளவு நீர்மத்தை ஆவியாக்கியும் மீண்டும் குளிரவைத்தும், பிராசசரின் சூட்டை அந்தத் தகடுகள் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. பிராசசரின் மேல் பதியும் இந்தக் குழாயும் தகடுகளும் சேர்ந்த பாகமே ஹீட்சிங்க். மீதி வேலை காற்றினுடையது. இவ்வளவு சிறிய விசிறிக்கு உந்துவிசை குறைவு என்பதால், வாய்க்கும் தகடுகளுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் திறந்திருந்தாலே, நெருக்கமான பற்களுக்குள் நுழைவதைவிட அந்த இடுக்கில் நழுவுவது காற்றுக்கு எளிதாகிவிடுகிறது.

தகடுகளைக் கடந்த பிறகும் கசிவு உண்டு. தகடுகளின் முனைக்கும் பெட்டியின் வெளியேற்றத் துளைகளுக்கும் இடையே இடம் இருந்தால், சூடேறிய காற்று வெளியே போகாமல் உள்ளே திரும்பி, அதே விசிறியின் உறிஞ்சு வாயில் மீண்டும் நுழைகிறது. வடித்த கஞ்சி திரும்பவும் சோற்றுப் பானையிலேயே விழுவதைப் போன்றதுதான் இது. பலரும் முதல் இடுக்கை மட்டும் அடைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறியும் தகடுகளும் சேரும் இடத்தில் செல்பேசியின் டார்ச்சைச் சாய்வாகக் காட்டுங்கள். ஒளி மறுபுறம் கீற்றாகத் தெரியும் இடமே கசியும் இடம். அங்கே கம்பளித் துண்டைப் போலத் தூசி படிந்திருந்தால் டேப்பைத் தேட வேண்டாம். தூசியை எடுப்பதே முதல் வேலை.

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர்: ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தபின் முன்பைவிடச் சூடாகிறது. எப்படி?

பல லேப்டாப்களில் விசிறியும் தகடுகளும் சேரும் இடத்தின் மேல், தயாரிப்பின்போதே கறுப்பு அல்லது வெள்ளி நிற டேப் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். தூசியை எடுக்க அதை உரித்துத்தான் ஆக வேண்டும். உரித்தவர் புதியதை ஒட்டாமல் மூடியிருக்கலாம். ஹீட்சிங்கின் திருகுகள் சீராக முடுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர்: அலுமினிய டேப் ஒட்டலாமா?

நான் ஒட்டி, என் சொந்த போர்டு ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். கடலோர ஈரப்பதத்தில் பசை தளர்ந்து, ஒரு முனை சுருண்டு, சார்ஜிங் பகுதியின் மேல் விழுந்தது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும்; அதன்பின் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. செல்பேசி பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும், தேன் நிறத்தில் உள்ள கேப்டான் டேப் போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது. லேப்டாப்புக்குள் எழும் எந்தச் சூட்டையும் தாங்கும்.

டேப் எட்டாத அகலமான இடுக்குகளுக்கு ஃபோம் தேவைப்படும். சோபாவில் இருப்பதைப் போன்ற சாதாரணப் பஞ்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளடைவில் பிசுபிசுத்து உதிர்ந்து, தகடுகளுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். நீரை உறிஞ்சாத, கறுப்பு ரப்பர் வகை ஃபோமை வாங்குங்கள். அழுத்தினால் லேசாக ஒடுங்கும் தடிமன் போதுமானது. தடிமன் மிகுந்தால் மூடியை முடுக்கும்போது அது ஹீட்சிங்கைத் தள்ளி, பிராசசரின் மேல் அது பதிந்திருப்பதைக் கெடுத்துவிடும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு ஆசிரியை: தூசி நுழையாமல் இருக்க அடியிலுள்ள துளைகளைத் துணியால் மூடியிருக்கிறேன். சரிதானே?

இல்லை அம்மா, இன்றே எடுத்துவிடுங்கள். அது மூச்சு வாங்கும் வழி. விசிறியின் உறிஞ்சு வாயைச் சுற்றி வளையமாக ஃபோம் ஒட்டி, அடிமூடியின் துளைகளோடு நேராக இணைப்பது வேறு வேலை. அப்போது விசிறி உள்ளிருக்கும் சூடான காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை மட்டும் இழுக்கும். அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். சில மாடல்களில் விசிறி உள்ளே இழுக்கும் காற்றே, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யையும் மின்வழங்கு பாகங்களையும் தடவிச் சென்று குளிர்விக்கிறது. அங்கே வளையம் ஒட்டினால் பிராசசர் குளிரும், எஸ்.எஸ்.டி. கொதிக்கும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர்: டேப் ஒட்டினேன். காலை பதினொரு மணிக்கு 96 டிகிரி காட்டியது, மாலையில் 89 ஆகிவிட்டது. ஏழு டிகிரி லாபம்!

மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். ஒட்டுவதற்கு முன் அறை 36 டிகிரி என்றும், ஒட்டியபின் 29 என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் அறையைவிட பிராசசர் 60 டிகிரி கூடுதல். அந்த ஏழு டிகிரியும் பிற்பகலில் எழுந்த கடற்காற்றின் கொடை. எப்போதும் அறையின் வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரே வேலையை இருபது நிமிடம் ஓடவிட்டு, விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது அளந்து பாருங்கள். பிராசசர் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப வரம்பை எட்டியதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், கசிவை அடைத்த பின்னும் அதே வெப்பம் காட்டி, கூடுதல் வாட்டில் ஓடினால் அதுவும் முன்னேற்றமே.

நெய்வேலியிலிருந்து ஒருவர்: தெர்மல் பேஸ்ட் முதலா, டேப் முதலா?

முதலில் தூசி, அடுத்து பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூடு கடக்கப் பூசும் பேஸ்ட், பிறகு டேப். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்: ஃபோம் ஒட்டியபின் ‘கிரிச்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பழகிவிடுமா?

பழகாது. ஃபோமின் ஓரம் விசிறியின் இதழில் உரசுகிறது. உடனே அணைத்து, மூடியைத் திறந்து, அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள். விசிறியை விரலால் மெல்லத் தள்ளினால் தடையின்றிச் சுற்ற வேண்டும்.