பாங்காக்கிலிருந்து குடும்பத்தோடு, தனியாக கைடு வைத்து ஒரு நாள் அயுத்தயா போய்வருவது கொடுக்கிற காசுக்குத் தகுமா?

நீங்கள் இருபத்தைந்து வயதுப் பையன், முதுகில் ஒரு பை, கையில் கூகுள் மேப் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. பாங்காக்கில் ரயில் ஏறினால் மலிவாக அயுத்தயா போய் இறங்கலாம், அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், சுற்றிவிட்டு வாருங்கள். ஆனால் கேள்வியில் "குடும்பத்தோடு" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் முட்டி வலியோடு ஒருவராவது கூட வருவார் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தகும். ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

2024 ஜனவரி, மார்கழி மாதம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்திருந்த சமயம். கோவையிலிருந்து நானும் அம்மாவும் மட்டும் போனோம். அம்மாவுக்கு 67. சமதரையில் மெல்ல நடப்பார், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். வேன், டிரைவர், கைடு எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்கு 5,500 பாட். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 13,000 ரூபாய். பஸ்ஸில் கும்பலோடு போயிருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து அதில் பாதிகூட ஆகியிருக்காது. பணத்திமிர் என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அந்த 13,000 எந்த மாதம் எதில் மிச்சம் பிடித்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

தெரிந்தே ஏன் கொடுத்தேன் என்றால், 2016-ல் ஆபீசில் எல்லாரும் சேர்ந்து ஒரு பேக்கேஜில் போய்ப் பட்ட அனுபவம். நாற்பது பேர் பஸ். ரத்தினக்கல் ஷோரூமில் ஒன்றரை மணி நேரம், தோல் பொருள் கடையில் முக்கால் மணி நேரம், புத்தர் கோயிலில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்திலும் பாதி, காணாமல் போன இரண்டு பேரைத் தேடுவதில் போனது. அப்புறம் ஊருக்கு வந்து "தாய்லாந்து போயிருந்தேன்" என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு. இந்தச் சிரிப்பைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். நானூறு வருடம் ஒரு பெரிய தலைநகரம் இருந்த நாட்டை நம் ஆட்கள் மசாஜ் பார்லராகவே நினைத்து வைத்திருக்கிறார்கள்.

கைடு பிடிப்பதில் ஒரு எச்சரிக்கை. எனக்கு இங்கேயே ஒரு டிராவல்ஸ்காரர், "நம்ம பையன் ஒருத்தன் அங்க இருக்கான், தமிழ்லயே விளக்குவான், கம்மி ரேட்" என்றார். தாய்லாந்தில் கைடு வேலை சட்டப்படி அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். உரிமம் பெற்றவர் போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அட்டை இல்லாத ஆளோடு போய், நடுவழியில் யாராவது கேட்டால், அந்த நாள் அதோடு போச்சு. தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால், "கடை வேண்டாம், ஒரு கடைகூட வேண்டாம்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எங்களுக்கு வந்தவர் ஐம்பதை ஒட்டிய பெண். ஒரு குடை, பிளாஸ்டிக் உறை போட்ட பழைய படங்கள் நிறைந்த ஒரு ஃபைல், வேனின் பின்னால் மடக்கு ஸ்டூல். ஃபைலைப் பார்த்ததுமே அம்மா அவருக்கு "டீச்சர்" என்று பேர் வைத்துவிட்டார். சாயங்காலம் வரை அதே பேர்தான். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

அயுத்தயா பாங்காக்குக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். மூன்று ஆறுகள் சுற்றி ஓட, நடுவில் தீவு மாதிரி ஊர். 1351-ல் தலைநகரமாக ஆரம்பித்து 1767-ல் பர்மியப் படை கொளுத்தும் வரை சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) நாட்டுக்கு அதுதான் எல்லாம். பெயர் நம் அயோத்திதான். ஊரை உண்டாக்கிய ராஜாவின் பட்டப்பெயர் ராமாதிபதி. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "அப்ப ராமர் கோயில் எங்க?" என்றார். எங்கே பார்த்தாலும் புத்தர்தான் என்றதில் கொஞ்சம் ஏமாற்றம். இப்போது இருக்கிற ராஜா பத்தாம் ராமர் என்று டீச்சர் சொன்னதும், "பத்து ராமரா! ஒருத்தரையே நம்மால கட்டி மேய்க்க முடியல" என்றார். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அங்கே ராஜ குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசினாலும் சட்டம் சும்மா விடாது.

முதலில் வாட் மகாதாட் (வாட் என்றால் கோயில்). அரச மரத்தின் வேர்களுக்கு நடுவில் ஒரு புத்தர் தலை மட்டும் தெரியுமே, அந்தப் படம் எடுக்கிற இடம். ஆனால் அதற்குப் போகும் வழியில்தான் அம்மா நின்றுவிட்டார். சுவரோரம் வரிசையாகப் புத்தர்கள், உட்கார்ந்த கோலம், மடியில் கை, கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் இரண்டு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன். அம்மா ஒரு கழுத்தை உற்றுப் பார்த்தார். செங்கல் தெரிந்தது, ஓரத்தில் சுண்ணாம்புப் பூச்சு, வெட்டு நேராக இருந்தது. "இது படைக்காரன் வெட்டினதா, திருடன் வெட்டினதா, கேளு" என்றார்.

கேட்டேன். டீச்சர் ஒரு நிமிடம் அம்மாவையே பார்த்தார். இருவரும்தான் என்றார். 1767-ல் கொளுத்தியபோது உடைந்தவை உண்டு. பின்னாளில் வெளிநாட்டில் விற்கத் தலையை மட்டும் அறுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. முழுச் சிலையைத் தூக்குவது கஷ்டம், தலை சுலபம். போதாக்குறைக்கு, பாங்காக்கைக் கட்டும்போது இங்கிருந்த செங்கல்லையே படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பர்மாக்காரன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் போகாமல் அவர் இதையும் சொன்னது எனக்குப் பிடித்தது. அங்கே மட்டும் நாற்பது நிமிடம் நின்றோம். பஸ்ஸில் வந்திருந்தால் முடியுமா?

கால் வலிக்கிறது என்று அம்மா பக்கத்திலிருந்த குட்டைச் சுவரில் உட்காரப் போனார். டீச்சர் ஓடி வந்து தடுத்தார். இடிந்த சுவராக இருந்தாலும் அது கோயில் சுவர், உட்காரக் கூடாது. டிரைவருக்குப் போன் பண்ணி அந்த மடக்கு ஸ்டூலை வரவழைத்தார். மர வேரில் இருக்கும் தலைக்கு முன்னால் படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நம் தலை புத்தர் தலைக்கு மேலே இருக்கக் கூடாது, குந்தித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தலையோ தரையை ஒட்டி இருக்கிறது. அம்மாவால் குந்த முடியாது, ஸ்டூல் போட்டாலும் உயரம். "பரவாயில்லை, தள்ளி நின்று கும்பிட்டால் போதும், போட்டோ வேண்டாம்" என்றார் டீச்சர். அதனால் ஊரே படம் எடுக்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு படமும் இல்லை.

இதற்கும் பேச்சு வாங்கினேன். பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அவ்வளவு செலவு பண்ணி அந்த மரத்துக்கிட்ட ஒரு போட்டோகூட எடுக்கலையா அம்மிணி?" என்றான். அம்மாவை இந்த வயதில் இழுத்துக்கொண்டு எதற்கு அலைகிறாய் என்று முதலில் கேட்டவனும் அவன்தான். பாதிச் செலவு நான் தருகிறேன் என்றவனும் அவன்தான். அந்தப் பாதி இன்னும் வந்து சேரவில்லை. அன்னையர் தினத்துக்கு அம்மா படம் மட்டும் தவறாமல் ஸ்டேட்டஸில் வரும், அதுவும் நான் எடுத்த படமாகவே இருக்கும். சரி, அதை விடுங்கள். நீங்கள் கேட்டது இதையில்லை.

அடுத்தது வாட் ராட்சபுரணா. அண்ணன் தம்பி இரண்டு பேர் பட்டத்துக்காக யானை மேல் ஏறிச் சண்டை போட்டு இரண்டு பேருமே செத்துப்போக, மூன்றாவது தம்பி ராஜாவாகி, 1424-ல் அவர்களுக்காகக் கட்டிய கோயில். (அண்ணன் நினைப்பில்தான் எனக்கு இந்தக் கதை மறக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.) 1957-ல் திருடர்கள் கோபுரத்துக்குக் கீழே இருந்த நிலவறையைத் தோண்டித் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். மிஞ்சியதும் மீட்டதும் அதே ஊரில் சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படி செங்குத்து, அம்மாவால் முடியாது. நான் மட்டும் ஏறி, உள்ளே இறங்கி, மங்கிப்போன சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அம்மா ஸ்டூலில், டீச்சர் பக்கத்தில் குடை பிடித்தபடி. இருவரும் செல்போனில் பேரப்பிள்ளைகள் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தாய்லாந்து பாஷை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் இல்லாமல் நான் ஒரு இடத்தைப் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான். தனிக் கைடுக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வருடங்களையும் ராஜா பெயர்களையும் யூடியூபிலும் தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாடு. சைவர்களுக்கு இது முக்கியம். அங்கே காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். "வெஜிடேரியன்" என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. "ஜே" என்று சொல்ல வேண்டும். அது கறி, மீன், முட்டை, பால், ஏன் பூண்டு வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அந்தக் கடை. டீச்சர் ஒரு தாளில் தாய்லாந்து மொழியில் எழுதிக் கொடுத்தார், மீதி மூன்று நாளும் அதைக் காட்டியே பிழைத்தோம். அந்த ஊர்ப் பலகாரம் ரொட்டி சாய் மாய். மெல்லிசான ரொட்டிக்குள் நூல் மாதிரி இழுத்த சர்க்கரை மிட்டாயை வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். "பஞ்சுமிட்டாயைத் தோசைக்குள்ள வெச்சுக் குடுக்கறாங்க கண்ணு" என்று அம்மா இரண்டு தின்றார்.

சாயங்காலம் ஆற்றோரம் வாட் சாய்வத்தனாராம், 1630-ல் கெமர் (கம்போடிய) பாணியில் கட்டியது. வாடகைக்குப் பட்டு உடுத்திக்கொண்டு இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிவி தொடர் வந்த பிறகு இப்படி ஆகிவிட்டதாம். அழகான இடம், ஆனால் அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

நான் செய்த தப்புக்கு வருகிறேன். திரும்பி வரும் வழியில் அம்மா, மார்கழியில் தினமும் விடிகாலை திருவெம்பாவை சொல்கிறவர், வழக்கம்போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ஏலோர் எம்பாவாய்" காதில் விழுந்ததும் டீச்சர் திரும்பி, இது என்ன என்றார். சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாங்காக்கில் ராஜாவின் பிராமணர்களுக்கு என்று ஒரு கோயில் உண்டு, 1784-ல் கட்டியது. அங்கே வருடா வருடம் நடக்கும் சடங்கின் பெயர் திரியம்பாவாய். திருவெம்பாவை அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. பொருள் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் உயரமான சிவப்பு ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. அந்தச் சடங்குக்காக ஆட்கள் அதில் ஏறி ஆடுவார்களாம், 1935-ல் நிறுத்திவிட்டார்கள்.

"அங்க போலாமா?" என்றார் அம்மா. பத்து மணி நேரம் முடியப் போகிறது, கூட ஒரு மணி நேரத்துக்கு 400 பாட் என்றார் டிரைவர். ஆயிரம் ரூபாய்கூட இல்லை. ஆனால் நாள் முழுக்க மனசுக்குள் கணக்குப் போட்டே வந்திருந்தேன். வாயில் "வேண்டாம்" என்று வந்துவிட்டது. அந்த வழியாகத்தான் வண்டி போனது, டிராபிக்கில் ஊர்ந்தது. சிவப்பு மரச் சட்டம் ஜன்னலில் ஒரு இரண்டு நிமிடம் தெரிந்தது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "பரவாயில்ல கண்ணு, பாத்தாச்சுல்ல" என்றார்.

அதனால் நீங்கள் போகும்போது ஊஞ்சலைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாங்காக் ஊருக்குள்தான் இருக்கிறது. எதிரிலேயே வாட் சுதாட், அதையும் பார்த்துவிடலாம். அந்த பிராமணர் கோயில் எந்தெந்தக் கிழமை திறந்திருக்கும் என்று கைடிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். பேசிய பத்து மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரக் காசைத் தனியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள், அதை எண்ணிப் பார்க்காதீர்கள்.