அணை ஜிலேபியும் கிஃப்ட் திலேப்பியாவும் ஒரே மீனா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்கள் பண்ணைக்குட்டைக்குக் கிருஷ்ணகிரி அணையின் வாய்க்கால் தண்ணீர் வருகிறது. ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகிக் கிடக்கிறது. கிஃப்ட் குஞ்சுகளை அதனுடனேயே விடலாமா? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.

பதில்: இரண்டும் ஓரியோக்ரோமிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் இனம் வேறு. உங்கள் குட்டையில் இருப்பது பெரும்பாலும் மொசாம்பிக் திலேப்பியா. ஜாம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதி முதல் தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையோர ஆறுகள் வரை வாழும் இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிஃப்ட் என்பது நைல் திலேப்பியாவின் மேம்படுத்தப்பட்ட வகை. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளில் பிடித்த மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கொண்டு 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தில் உருவானது.

முன்பு இவை அனைத்தும் திலேப்பியா என்ற ஒரே பேரினத்தில் அடங்கியிருந்தன. முட்டையைத் தரையில் இட்டுக் காப்பவை திலேப்பியா, ஆணோ இரு பாலுமோ வாயில் அடைகாப்பவை சாரோதெரோடான், பெண் மட்டும் வாயில் அடைகாப்பவை ஓரியோக்ரோமிஸ் என 1983-இல் மீனியல் ஆய்வாளர் எத்தல்வின் டிரவாவாஸ் பிரித்தார். ஏட்டளவில் நின்றுவிடும் பிரிவினை அல்ல இது. முட்டையும் குஞ்சும் தாயின் வாய்க்குள் பாதுகாப்பாக இருப்பதாலும், நெருக்கடியான குட்டையில் சில மாத வயதிலேயே, கையளவுகூட வளராத பெண் மீன் சினைப்படுவதாலும்தான் ஜிலேபி இவ்வளவு பெருகுகிறது.

ஆகவே சேர்த்து விடாதீர்கள். விற்கப்படும் கிஃப்ட் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாக மாற்றப்பட்டவை. அவை உங்கள் ஜிலேபிப் பெண்களோடு கூடினால் இனவிருத்தித் திறனுள்ள கலப்புக் குஞ்சுகள் பிறக்கும், தீவனமும் அவற்றுக்கே போகும். வளர்ந்த நைல் திலேப்பியாவின் வாலில் தெளிவான செங்குத்துக் கோடுகள் இருக்கும். மொசாம்பிக்கின் வாலில் அவை இருப்பதில்லை, இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் கறுத்துத் தொண்டை வெளுக்கும். சிறு குஞ்சுகளில் இந்த வேறுபாடு புலப்படாது என்பதால் பொறுக்கிப் பிரிக்க முயல்வது வீண்வேலை.

தண்ணீரை முழுவதும் வடித்து, சேறு வெடிக்கும்வரை காயவிடுங்கள். தேங்கும் குழிகளில் இலுப்பைப் புண்ணாக்கு இட்டால் மிச்சமிருப்பவை மடியும். அதன் நஞ்சு அடங்க மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். மடை வாயில் நெருக்கமான நைலான் வலைத்துணி கட்டுங்கள், வடிகாலிலும் கட்டுங்கள். தப்பும் கிஃப்ட் மீன் தென்பெண்ணைக்குத்தான் போய்ச் சேரும். திலேப்பியா வளர்ப்புக்கு மீன்வளத்துறையின் அனுமதி தேவை. அதைப் பெற்ற பின்பே, அங்கீகரிக்கப்பட்ட பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குங்கள்.