வேனுக்கு மலிவு லித்தியம் பேட்டரி: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

நவக்கிரகக் கோயில் சுற்று, வேளாங்கண்ணிப் பயணம், அறுவடை மெஷினோடு ஊர் ஊராகத் தங்கல் என்று வேனுக்குள் படுக்கை போட்டு வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும்.

கும்பகோணம்: அண்ணா, ரெண்டு ஃபேன், ஒரு சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், நாலு லைட், ரெண்டு போன். 100 ஏஎச் ஒண்ணு போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஎச் என்றால் ஆம்பியர்-மணி. 12 வோல்ட் எல்எஃப்பியின் பெயரளவு மின்னழுத்தமான 12.8 வோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் 1280 வாட்-மணி. அதில் 1050 மட்டும் எடுப்பது நல்லது. மாலை 6 முதல் காலை 7 வரை பார்த்தால், 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டும் பத்து மணி நேரத்துக்கு 600, ஃப்ரிட்ஜ் சுமார் 300, லைட்டும் போனும் 150. மொத்தம் 1050. அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். அந்த ஃபேனை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 10 முதல் 15 வாட் தின்னும். விடியும்போது பேட்டரி நின்றுவிடும்.

முதலில் 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 15 வாட் ஃபேனாக மாற்றுங்கள். 300 வாட்-மணி மிச்சம். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட அது மலிவு. ஐப்பசி, கார்த்திகையிலும் வெளியே தங்குவீர்கள் என்றால் மட்டும் 200 ஏஎச் பற்றி யோசியுங்கள்.

மன்னார்குடி: பாதி விலைக்குக் கிடைக்குது. உள்ள நிஜமாவே 100 ஏஎச் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

தராசில் வையுங்கள். 100 ஏஎச் எல்எஃப்பி பொதுவாக 10 முதல் 12 கிலோ இருக்கும். 8 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

அடுத்தது டிஸ்சார்ஜ் சோதனை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். 14.4 வோல்ட்டில் சார்ஜ் ஏற்றி, கரன்ட் 5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும்வரை விடுங்கள். ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு 55 வாட் ஹெட்லைட் பல்ப் நான்கை இணையாக மாட்டினால் 18 ஆம்பியர் அளவில் இழுக்கும். நடுவில் ஷன்ட் (ஓடும் கரன்ட்டை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்த டிசி மீட்டர் ஒன்று, பேட்டரிப் பக்கம் 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. பல்ப் கொதிக்கும், செங்கல் மேல் வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி, 11 வோல்ட்டுக்கு வரும்போது மீட்டர் 95 ஏஎச் காட்டினால் நல்ல பேட்டரி. 85-க்குக் கீழே என்றால் திருப்பி அனுப்புங்கள்.

சோதனை நடக்கும்போதே இரண்டு டெர்மினலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் உள்ளே இணைப்பு சரியில்லை. மலிவு பேட்டரியில் செல்லைவிட இந்த இணைப்பும், உள்ளிருந்து செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டும்தான் எனக்குக் கவலை. இன்னொன்று, 'குளிரிலும் சார்ஜ் ஆகும் ஹீட்டர் உண்டு' என்று கூடுதலாகக் கேட்பார்கள். எல்எஃப்பியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பது உண்மை. ஆனால் மார்கழிப் பனியிலும் நம் ஊரில் அந்த ஹீட்டருக்கு வேலையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஃப்யூஸ் வாங்குங்கள்.

பட்டுக்கோட்டை: பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி சல்லிசா வருது. போடலாமா?

படுத்துத் தூங்கும் வேனுக்குள் வேண்டாம். அவற்றில் பல என்எம்சி எனப்படும் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் லித்தியம் வகை. செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏறும், சூடானால் எல்எஃப்பியைவிட எளிதில் தீப்பிடிக்கும், 12 வோல்ட் கணக்குக்கும் ஒத்துவராது.

திருவாரூர்: ஆல்டர்னேட்டர்லேர்ந்து ரிலே வெச்சு நேரா சார்ஜ் பண்றேன். ஆல்டர்னேட்டர் ரொம்ப சுடுது சார்.

சுடத்தான் செய்யும். லெட்-ஆசிட் பேட்டரி கொஞ்சம் ஏறியதும் தானே கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள் எதிர்ப்பு குறைவு, கிட்டத்தட்ட நிரம்பும்வரை கிடைத்ததையெல்லாம் இழுக்கும். ஆற்றங்கரைச் சாலையில் மெதுவாகப் போகும்போதும் ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் ஆல்டர்னேட்டரின் விசிறி மெல்லச் சுற்றுகிறது, ஆனால் சுமை முழுதாக இருக்கிறது. வைண்டிங்கும் டயோடும் வெந்துபோவது அப்போதுதான்.

ரிலேயைக் கழற்றிவிட்டு, கரன்ட்டை ஓர் அளவோடு நிறுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். ஆல்டர்னேட்டர் மதிப்பில் பாதிக்கு மேல் போக வேண்டாம். 70 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர் சார்ஜர் சரி. இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஏஎச் ஏறிவிடும். முன்னிருந்து பின்னுக்கு 5 மீட்டர் என்றால் 16 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள், இரண்டு முனையிலும் ஃப்யூஸ். கேபிளின் இரு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரன்ட் பாயும். ஒற்றை ஃப்யூஸ் அதைத் தடுக்காது. பிஎஸ்-6 வண்டியில் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தம் ஏறி இறங்குமாறு இருக்கலாம், இக்னிஷன் ஒயரோடு இணைக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள்.

தஞ்சாவூர்: 1000 வாட் இன்வெர்ட்டரை மாட்டின உடனே பேட்டரி செத்தது போல ஆகுது. கொஞ்ச நேரம் கழிச்சு உயிர் வருது.

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்வெர்ட்டர் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால் மாட்டிய நொடியில் பெரிய கரன்ட் இழுக்கின்றன. பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்துத் துண்டிக்கிறது. பாசிட்டிவ் கேபிளை மாட்டுமுன் ஒரு பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை இடையில் வைத்துச் சில நொடி தொடுங்கள். பல்ப் எரிந்து மங்கியதும் கேபிளை மாட்டலாம்.

1000 வாட் முழுச் சுமையில் ஏறக்குறைய 95 ஆம்பியர் வரும். ஒன்றரை மீட்டருக்குள் 35 ஸ்கொயர் எம்எம் கேபிள், பேட்டரி டெர்மினலை ஒட்டி 125 ஆம்பியர் ஃப்யூஸ். சாதாரண காருக்கான பிளேடு ஃப்யூஸ் இங்கே உதவாது. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை அறுக்கத் தகுந்த கிளாஸ்-டி (Class T) அல்லது டெர்மினலிலேயே மாட்டும் எம்ஆர்பிஎஃப் வகை வேண்டும். மலிவு பேட்டரி வாங்கியவர் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மயிலாடுதுறை: மீட்டர் 13.1 காட்டிச்சு, நல்லாத்தானே இருக்குன்னு நினைச்சேன். திடீர்னு எல்லாம் அணைஞ்சுபோச்சு.

எல்எஃப்பியில் வோல்ட்டைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. 13.3-க்கும் 13.0-க்கும் இடையிலேயே பாதிக்கு மேற்பட்ட கொள்ளளவு அடங்கிவிடும். ஷன்ட் மீட்டர் போடுங்கள், முழுச் சார்ஜ் ஆனதும் அதை 100 சதவீதத்துக்குத் திருப்பி வையுங்கள்.

13.1-லேயே நின்றது உண்மையென்றால் ஒரு செல் மட்டும் முந்திக் காலியாகி, பிஎம்எஸ் துண்டித்திருக்கலாம். புளூடூத் பிஎம்எஸ் என்றால் செல் வாரியாகத் தெரியும். செல்களைச் சமப்படுத்த மலிவு பிஎம்எஸ் பயன்படுத்தும் பேலன்சிங் கரன்ட் 50 மில்லி ஆம்பியர் அளவுதான். 5 ஏஎச் வித்தியாசத்தைச் சரிசெய்ய அதற்கு 100 மணி நேரம் ஆகும்! சார்ஜரை 14.4-ல் வைத்து, கரன்ட்டை 2 ஆம்பியருக்குக் குறைத்து, தினமும் சில மணி நேரம் வீதம் ஒரு வாரம், இரண்டு வாரம் விடுங்கள். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

திருவையாறு: கூரையில 335 வாட் பேனல் வெச்சேன். 9 ஆம்பியர்தான் வருது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் உங்கள் சார்ஜ் கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் என்ற எளிய வகை. அந்தப் பேனல் 38 வோல்ட் அளவில் வேலை செய்யும், பிடபிள்யூஎம் அதைப் பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்து இறக்கி 120 வாட்தான் தரும். உபரி வோல்ட்டைக் கரன்ட்டாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் போட்டால் நல்ல வெயிலில் 20 ஆம்பியர் எதிர்பார்க்கலாம். செட்டிங்: பல்க் 14.2, ஃப்ளோட் 13.5, ஈக்வலைஸ் நிறுத்தம். இன்னொரு பேனல் சேர்த்தால் இணையாகவே சேருங்கள். தொடரில் போட்டால் திறந்த சுற்று மின்னழுத்தம் 90 வோல்ட்டைத் தாண்டும், 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு அது ஆபத்தான நெருக்கம்.

நாகப்பட்டினம்: கேபிள் முனையில இருக்கிற லக் எல்லாம் பச்சை பூத்துப்போச்சு.

உப்புக் காற்று. வெள்ளீயம் பூசிய செம்பு லக், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். முதலில் நட்டை இறுக்கி, பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அல்ல. பேட்டரியைக் கூரைக்கடியிலோ எஞ்சின் பக்கமோ வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் பூட்டிய வேனுக்குள் 50 டிகிரி தாண்டும், 45-க்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லின் ஆயுளைத் தின்னும். பல வாரம் நிறுத்துவதானால் பாதிச் சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

வேதாரண்யம்: கஜா மாதிரி புயல் வந்தா வேன் பேட்டரியால வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2018 நவம்பர் 16 கஜாவுக்குப் பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்வெர்ட்டரை வீட்டுப் பிளக்கில் செருகி வீட்டு ஒயரிங்குக்குள் மின்சாரம் ஏற்றக் கூடாது. அது மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும், வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து லைட், போன் மட்டும் மாட்டுங்கள்.

வேனுக்குள் தண்ணீர் புகுந்து பேட்டரி மூழ்கியிருந்தால் காய்ந்துவிட்டது என்று சார்ஜ் ஏற்ற வேண்டாம். உப்பு நீர் பிஎம்எஸ் போர்டில் ஷார்ட் உண்டாக்கும். ரப்பர் கையுறை போட்டுக் கேபிளைக் கழற்றி, வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த இடத்தில் வைத்து, விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.