ஸைஸ்ட் கிரகத்துக்கு யாரு வழி கேட்டா?

அண்ணா வணக்கம்,
போன வாரம் ஹைலேண்டர் (1986) மறுபடி பார்த்தேன், அந்த சூட்டோடயே 1991ல வந்த ரெண்டாம் பாகத்தையும் போட்டுட்டேன். பாதியிலயே தலை சுத்திருச்சு. ஸ்காட்லாந்து மலையில வாளோட திரிஞ்சவன் திடீர்னு வேற கிரகத்துக்காரன்னா எப்படிண்ணா? ஃபேன்டசிக்குள்ள சயின்ஸ் ஃபிக்‌ஷன கொண்டு வந்ததுதான் தப்பா?
– கே.

தம்பி,

அடுத்தடுத்து பார்த்திருக்கவே கூடாது. அஞ்சு வருஷம் காத்திருந்து பார்த்தவங்களாலயே தாங்க முடியல.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் மேல நான் பழி போட மாட்டேன். முதல் படத்துல, எனக்கு மட்டும் ஏன் சாவே வரலைன்னு ஹீரோ கானர் மெக்லவுட் கேக்குறப்ப, அவனுக்கு வாள் கத்துக்கொடுக்குற ரமிரெஸ் (நம்ம ஷான் கானரி) சூரியன் ஏன் உதிக்குது, யாருக்கு தெரியும்ங்கிற மாதிரி ஒண்ணு சொல்லிட்டு நகந்துடுவார். அவ்ளோதான் விளக்கம். நமக்கும் அது போதும்னு இருந்துச்சு, ஏன்னா பொண்டாட்டி ஹெதர் கண்ணெதிர்ல கிழவியாகி அவன் கையிலயே சாகுறா, இவன் மட்டும் அதே வயசுல உக்காந்திருக்கான், பின்னாடி குவீன் பேண்டோட பாட்டு ஓடுது, அந்த நேரத்துல எவனுக்கு காரணம் வேணும்?

ரெண்டாம் பாகம் அந்த காரணத்துக்கு விலாசம் எழுதிருச்சு. ஸைஸ்ட் கிரகமாம், அங்க ஆட்சிய எதிர்த்தவங்கள தண்டனையா பூமிக்கு நாடு கடத்தினாங்களாம். அப்போ ஹெதர் செத்தது என்ன, ஒரு கைதி உள்ள இருந்தப்ப நடந்த சம்பவமா? தலையெழுத்தா இருந்தத கோர்ட் தீர்ப்பாக்கிட்டாங்க. அது பத்தாதுன்னு, தலை வெட்டுப்பட்டு செத்த ரமிரெஸ், மெக்லவுட் அவர் பேர சொல்லி கூப்பிட்டதும் எந்திரிச்சு வந்துடுறார். தலை போனா உயிர் போச்சுங்கிறதுதான் அந்த கதைக்கு இருந்த ஒரே சட்டம், அதையும் வெட்டிட்டா மிச்சம் என்ன இருக்கு.

இத்தனைக்கும் அந்த சயின்ஸ் பக்கம் அவ்ளோ மோசமில்ல. ஓசோன் ஓட்டை பத்தி 1985ல தெரிய வந்து 1987ல ஓசோன காப்பாத்த மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டிருந்த காலம், ஜனங்களுக்கு நிஜமாவே பயம் இருந்துச்சு. ரெண்டாம் பாகத்துல மெக்லவுட் ஓசோனுக்கு பதிலா பூமிய காப்பாத்த ஒரு கவசம் போடுறான், 2024ல அதே கவசத்துக்கு அடியில வானம் பாக்க முடியாம கிழவனா உக்காந்திருக்கான், இத தனி படமாவே எடுத்திருக்கலாம். வாளும் வேணாம் ஸைஸ்டும் வேணாம்.

டைரக்டர் ரஸ்ஸல் மல்கேய மட்டும் திட்டாதீங்க. அர்ஜென்டினால ஷூட்டிங், அங்க விலைவாசி தறிகெட்டு ஏறுன நேரம், பட்ஜெட் கைமீறினதும் பணத்துக்கு பொறுப்பானவங்க படத்த கையில எடுத்துக்கிட்டாங்க, மனுஷன் கடைசியில கைகழுவிட்டார். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கொடுத்தது அரை ஸ்டார். 1995ல ரெனிகேட் வெர்ஷன்னு ஒண்ணு திருப்பி வெட்டி ஒட்டினாங்க, அதுல ஸைஸ்ட் கிடையாது, பூமியோட ஆதிகாலத்துல இருந்து வந்தவங்கன்னு மாத்திட்டாங்க. விலாசம்தான் மாறுச்சு.

1994ல வந்த மூணாம் பாகம், ரெண்டாவதுன்னு ஒண்ணு இருந்ததாவே காட்டிக்காது. பாக்குறதா இருந்தா இந்த தடவையாவது கொஞ்சம் கேப் விட்டு பாருங்க.