கழுத்தில் வைத்து அழுத்தினால் 2 நொடியில் மயங்குவாரா?

கேள்வி: விண்கலத்தில் நடக்கும் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெறி பிடித்துத் தாக்க வரும் பயணியின் கழுத்தில் மருத்துவர் ஊசியில்லாத கருவி ஒன்றை வைத்து அழுத்துகிறார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், 2 நொடியில் பயணி சரிந்துவிடுகிறார். அடுத்த அத்தியாயத்தில் அதே கருவியால் 40 பேருக்குத் தடுப்பு மருந்து போடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்களா? எதை மாற்ற வேண்டும்?

பதில்: கருவியைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். கழுத்து, 2 நொடி, 40 பேர் மூன்றும்தான் இடிக்கின்றன.

1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் ‘ஹைப்போஸ்ப்ரே’யைத்தான் இந்த வகைக் காட்சிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. தோலில் ஊசி இறங்குவதைக் காட்ட அன்றைய தொலைக்காட்சி நிறுவனத்தின் விதிகள் இடம் தராததால் அந்தக் கருவி திரைக்கு வந்தது. ஆனால் அதே பெயரில் ஒரு நிஜக் கருவியை அமெரிக்காவின் ஆர்.பி. ஷெரர் நிறுவனம் 1947-லேயே மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. தலைமுடி அளவுத் துளை வழியே மருந்தை அதிவேகத் தாரையாகப் பீய்ச்சி, அந்தத் தாரையாலேயே தோலைத் துளைப்பது அதன் வேலை. ஜெட் இன்ஜெக்டர் என்பது இதன் பொதுப்பெயர்.

கதைக்குள் வைக்க உங்களுக்குச் சில எண்கள் தேவைப்படும். முனையில் உள்ள துளையின் விட்டம் சுமார் 0.15 மி.மீ., தாரையின் வேகம் நொடிக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போன்ற மருந்துக்கு அந்த வேகத்தைத் தர 110 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அரை மி.லி. மருந்து வெளியேற 0.2 நொடி போதும். அழுத்தம் மிரட்டலாக இருந்தாலும் அளவு சிறியது என்பதால் மொத்த ஆற்றல் 6 ஜூலைக்கூடத் தொடாது. கையால் முறுக்கி வைக்கும் ஒரு ஸ்பிரிங்கே இதற்குப் போதும். இன்று புழக்கத்தில் இருக்கும் கருவிகள் பலவற்றில் பேட்டரியும் கிடையாது, வாயுவும் கிடையாது. ஸ்பிரிங்கில் இன்னொரு வசதியும் உண்டு. விடுபட்டவுடன் விசை உச்சத்தில் இருக்கும், விரிய விரியக் குறையும். முதல் உந்துதல் தோலைத் துளைக்கிறது, பின்னால் வரும் மெதுவான தாரை உள்ளே பரவுகிறது. நமக்கு வேண்டிய வரிசையும் அதுதான்.

கார்பன்-டை-ஆக்சைடு கார்ட்ரிட்ஜ் வைத்த கருவிதான் வேண்டுமென்றால் வெப்பநிலையை மறக்காதீர்கள். 20 டிகிரியில் அந்த வாயு தரும் அழுத்தம் சுமார் 57 வளிமண்டலம். வாயு பக்கத்துப் பிஸ்டனின் பரப்பை மருந்து பக்கத்தைவிட இருமடங்காக்கினால் தேவையான 110 கிடைத்துவிடும். அதே கார்ட்ரிட்ஜ் 0 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 35 அளவுக்கு இறங்கி, தாரையின் வேகம் நொடிக்கு 120 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். மருந்து முழுதும் உள்ளே போகாமல், ஒரு பகுதி தோலின் மேலேயே வழிந்தோடலாம். வெப்பமூட்டி பழுதான கலத்தில் மருத்துவர் கார்ட்ரிட்ஜை அக்குளில் இடுக்கிச் சூடேற்றுவதாக எழுதினால், விஷயம் தெரிந்தவர் உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

இன்னும் நவீனமாக வேண்டுமா? மின்காந்தச் சுருளால் பிஸ்டனை இயக்கி, அழுத்தத்தை நொடியின் சிறு பகுதிக்குள் கூட்டியும் குறைத்தும் கட்டுப்படுத்தும் கருவியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2012-இல் காட்டினார்கள். ஒரே கருவியில் குழந்தைக்கு ஒரு ஆழம், பெரியவருக்கு ஒரு ஆழம் என்று திரையில் தேர்ந்தெடுப்பதாக நீங்கள் எழுத இது நல்ல அடித்தளம்.

இனி அந்த 2 நொடிக்கு வருவோம். ஜெட் இன்ஜெக்டர் மருந்தைத் தோலுக்குள்ளோ, தோலடிக் கொழுப்பிலோ, தசையிலோ கொண்டுபோய் வைக்கும். நரம்பு பார்த்து ஏற்றுவதாக நாம் சொல்கிறோமே, அந்த ரத்தக்குழாய்க்குள் இதனால் போட முடியாது. தாரை உள்ளே போனதும் நாலாபக்கமும் சிதறுகிறது, குறிப்பிட்ட ஒரு குழாயைக் குறிபார்க்காது. தசையில் சிதறிய மருந்து ரத்தத்தில் ஊறி, இதயத்தைக் கடந்து, மூளைக்குப் போகச் சில நிமிடங்கள் பிடிக்கும். எத்தனை நூற்றாண்டு முன்னேறினாலும் கருவியால் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் தாமதம் உடலில் இருக்கிறது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் அளவு. கொந்தளிப்பில் இருப்பவரை அடக்க அவசரப் பிரிவுகளில் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைத் தசையில் போடுவதுண்டு. கிலோவுக்கு 4 மி.கி. என்றால் 70 கிலோ ஆளுக்கு 280 மி.கி. ஒரு மி.லி.யில் 50 மி.கி. உள்ள குப்பியிலிருந்து எடுத்தால் 5.6 மி.லி. ஆகிவிடும். அரை மி.லி. கருவியால் 11 முறைக்கு மேல் அழுத்த வேண்டும்! அத்தனையும் போட்டாலும் வேலை செய்ய 3 முதல் 5 நிமிடம் ஆகும். மருந்தைச் செறிவாக்கிவிடலாமே என்று தோன்றும். செறிவு கூடினால் மருந்து கொழகொழப்பாகிறது, மெல்லிய துளையில் அதன் வேகம் சரிகிறது. ஆகவே கெட்டமைனை விட்டுவிட்டு, ஒரு மில்லிகிராமிலேயே வேலை செய்யும் கற்பனை மருந்துக்கு நீங்களே பெயர் வையுங்கள். அளவுச் சிக்கல் தீர்ந்துவிடும். நிமிடக்கணக்கை மட்டும் விடாதீர்கள். பயணியை இருவர் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மெல்ல மெல்லத் தளர்வதுதான் நல்ல காட்சியும்கூட. மயங்கியபின் மூச்சு அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த ஆளைத்தான் கதைகளில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உடனடி உயிர்காப்புக் காட்சிதான் வேண்டுமென்றால் கடுமையான ஒவ்வாமையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி.; ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ள சாதாரண ஆம்பூலில் அது சரியாக 0.5 மி.லி. கருவியின் கொள்ளளவும் அதுவே. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் போட வேண்டும், சில நிமிடங்களில் பலன் தெரியும்.

கழுத்தை எந்த மருத்துவரும் தேர்ந்தெடுக்க மாட்டார். அங்கே தோல் மெல்லியது. அதற்குச் சற்றுக் கீழேயே பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன, மருந்தைத் தாங்கிக்கொள்ளும் தசையோ குறைவு. புஜம், தொடை இரண்டும்தான் சரியான இடங்கள். ஆடைக்கு மேலாகவும் போடக் கூடாது. துணி தாரையைச் சிதறடிக்கும், பாதி மருந்து நூலிலேயே நின்றுவிடும். தாக்க வருகிறவர் விஷயத்தில் இதையெல்லாம்விட ஆபத்தானது அசைவு. தாரை பாயும் அந்த 0.2 நொடியில் கை நழுவினால் துளைக்குப் பதில் கீறல் விழும், தோல் பிளேடால் வெட்டியதுபோல் கிழியும். முனையைத் தோலுக்குச் செங்குத்தாக, அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் மேலே ஈரம் தெரியும், அப்படியென்றால் முழு அளவு உள்ளே போகவில்லை. சத்தமும் ‘ஸ்ஸ்’ அல்ல, ‘டப்’ என்று கேட்கும். வலி உண்டு. சிலருக்குச் சொட்டு ரத்தமும் கன்றிய தழும்பும் மிஞ்சும்.

40 பேர் விவகாரத்துக்கு வரலாறே பதில் சொல்கிறது. காலால் மிதித்து இயக்கும் ‘பெட்-ஓ-ஜெட்’ என்ற அமெரிக்கக் கருவி, 1960-களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரியம்மைத் தடுப்பு மருந்தை மணிக்கு ஆயிரம் பேர் என்ற கணக்கில் போட்டது. பழுதானால் சரிசெய்ய ஆளும் உதிரிபாகமும் வேண்டியிருந்தன. பிறகு வந்த, நுனி இரண்டாகப் பிளந்த மலிவான கவட்டை ஊசி அதன் இடத்தைப் பிடித்தது. அந்தக் காலத்து ஜெட் கருவிகளின் உண்மையான கேடு முனையில் இருந்தது. தாரை தோலில் மோதும்போது ரத்தமும் திசுநீரும் நுண்துளிகளாகத் திரும்பித் தெறித்து முனையில் ஒட்டும், அடுத்தவருக்குள் போகும். 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் உள்ள எடைக்குறைப்பு மையம் ஒன்றில் இப்படித்தான் ஹெப்படைடிஸ் பி பரவியது. கண்ணுக்கு ரத்தமே தெரியாத அளவும் அந்த வைரஸுக்குப் போதும். 1997-இல் அமெரிக்க ராணுவமும் பொதுமுனைக் கருவிகளைக் கைவிட்டது.

இன்றைய தீர்வு எளிது. கைப்பிடி பொது, மருந்தைத் தொடும் பகுதி ஆளுக்கு ஒன்று. ஒருமுறை போட்டதும் திரும்ப நிரப்ப முடியாதபடி பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் அது. இந்தியாவில் ஆகஸ்ட் 2021-இல் அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி கொரோனா தடுப்பு மருந்தை இந்த வகைக் கருவியால்தான் போட்டார்கள். தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரண்டு கைகளிலும், 28 நாள் இடைவெளியில் 3 தவணை. டி.என்.ஏ. தடுப்பு மருந்து என்பதால், அது செல்களுக்குள் நுழையத் தாரையின் விசையும் துணை.

எனவே உங்கள் மருத்துவர் செய்யும் வரிசை இது: ஸ்பிரிங்கை முறுக்கிப் பூட்டுவார், புது சிரிஞ்சைக் குப்பியின் அடாப்டரில் செருகி மருந்தை இழுப்பார், குமிழியை வெளியேற்றுவார், சிரிஞ்சைக் கருவியில் திருகுவார், தோலில் அழுத்திப் பொத்தானைத் தட்டுவார், சிரிஞ்சைக் கழிவுப்பெட்டியில் உதிர்ப்பார். 40 பேருக்கு 40 சிரிஞ்ச். கலத்தில் 25-தான் மிச்சம் என்றால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது.

எடையின்மையில் இரண்டு மாற்றம். பின்னுதைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், 70 கிலோ ஆளை அது நொடிக்கு ஒரு மி.மீ. வேகத்தில்தான் நகர்த்தும். ஆனால் முனையை அழுத்திப் பிடிக்கும்போது நோயாளி மிதந்து விலகுவார், அவரைப் பட்டையால் கட்டியாக வேண்டும். அடுத்தது குமிழி. நம் ஊரில் சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் காற்று மேலே ஏறிவிடும், அங்கே அது மருந்துக்கு நடுவிலேயே நிற்கும். குமிழி இருந்தால் முதல் உந்துதல் அதை நசுக்குவதிலேயே வீணாகி, தாரை தோலைத் துளைக்காது. காற்றில்லாமல் தொழிற்சாலையிலேயே நிரப்பிய சிரிஞ்சுகளைக் கலத்தில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் மருத்துவர் சிரிஞ்சைக் கைநீளத்துக்குப் பிடித்து வேகமாகச் சுழற்றி, காற்றை முனைப்பக்கம் ஒதுக்கட்டும்.