மே மாதத்து உறைபனியும் காட்பாடித் தக்காளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்பாடியில் வசிக்கிறேன். மொட்டை மாடியில் தொட்டிகளில் தக்காளி வைத்திருக்கிறேன். என் மகள் கனடாவில், டொரோண்டோ பக்கத்தில் இருக்கிறாள். அவளும் வீட்டுக்குப் பின்னால் தக்காளி போடுகிறாள். மே மாதத் தொடக்கத்தில் நட்ட நாற்றுகள் ஒரே இரவில் உறைபனியில் கருகிவிட்டன. மறுபடியும் வாங்கி நட்டாள். நன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது குளிர்காலம் வந்துவிட்டது. செடியை வீட்டுக்குள் எடுத்துவைத்து அடுத்த ஆண்டுவரை காப்பாற்றலாமா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே மார்கழிப் பனியில் என் செடிகளின் இலைகளும் சுருண்டுகொள்கின்றன. நானும் இரவில் மூடிவைக்க வேண்டுமா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள அம்மா,

காப்பாற்றலாம் என்று மகளிடம் சொல்லுங்கள். தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. உறைபனி படாத இடத்தில் அது ஓராண்டைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். குளிர்நாடுகளில் பனி கொன்றுவிடுவதால்தான் ஆண்டுதோறும் புதிதாக நடுகிறார்கள்.

ஆனால் முழுச்செடியையும் உள்ளே தூக்கிவைக்க வேண்டாம். டொரோண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான். அந்த வெளிச்சம் பெரிய செடிக்குப் போதாது. வெளிறி, இலை உதிர்த்து நிற்கும். போதாததற்குச் சாறுறிஞ்சும் பூச்சிகளான வெள்ளை ஈயும் அசுவினியும் அதனோடு வீட்டுக்குள் குடியேறிவிடும். செடி போகட்டும், கிளையைக் காப்பாற்றச் சொல்லுங்கள். செப்டம்பரிலேயே, முதல் உறைபனிக்கு முன், நோயில்லாத செடியில் பூக்காத பக்கக்கிளை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். பிறகு சிறு தொட்டிக்கு மாற்றித் தெற்குப் பார்த்த ஜன்னலோரம், முடிந்தால் ஒரு எல்இடி விளக்கின் கீழ் வைக்க வேண்டும். ஒல்லியாக நீண்டுகொண்டே போனால் நுனியை வெட்டி, அதையே மறுபடியும் வேர்விடச் செய்யலாம். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் விதையில் முளைப்பவை தாய்ச்செடியின் குணத்தோடு வருவதில்லை. கிளையில் வருவது அப்படியே வரும்.

இனி, நாற்றுகளைக் கொன்ற அந்த மே மாத இரவு. காவலூரில் ஜவ்வாது மலைமேல் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேகமில்லாத இரவைத்தான் வானியலாளர்கள் விரும்புவார்கள். குளிர்நாட்டுத் தோட்டக்காரர் அஞ்ச வேண்டியதும் அதே இரவைத்தான். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் வராது. காற்றும் அசையாவிட்டால் குளிர் தரையோடு படிந்துவிடும். வானிலை அறிக்கை 3 டிகிரி என்று சொன்னாலும் இலைமேல் சுழியத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். இலையிலுள்ள நீர் உறைந்து செல்கள் சிதைகின்றன.

ஆகவே தெளிந்த வானமும் அசையாத காற்றுமாக ஒரு மாலை குளிரத் தொடங்கினால், இருட்டுவதற்குள் பழைய பெட்ஷீட்டால் செடிகளை மூடிவிட வேண்டும். துணி நாலா பக்கமும் தரைவரை படிய வேண்டும். நிறையப் பேர் செடியின் தலைக்கு மட்டும் துணியைச் சுற்றித் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். செடியைக் காக்கும் வெப்பம் மண்ணிலிருந்து வருகிறது. கட்டிவிட்டால் அது உள்ளே ஏற வழியில்லை. பகலிலேயே மண்ணை நனைத்துவைத்தால் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் தாள் இலையில் படவே கூடாது. காலையில் வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிட வேண்டும். அப்படியும் கருகிவிட்டால் உடனே பிடுங்க வேண்டாம். தண்டின் அடி பச்சையாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கட்டும், துளிர்க்க வாய்ப்புண்டு. எல்லாவற்றையும்விட எளிய வழி, நாற்று நடுவதைச் சற்றுத் தள்ளிப்போடுவது. அந்தப் பகுதியில் மே மாத மூன்றாம் வாரத்தையொட்டி வரும் விக்டோரியா தின விடுமுறையைத்தான் பலரும் கணக்காக வைத்து நடுகிறார்கள்.

உங்கள் மாடிக்கு வருகிறேன். காட்பாடியில் பெய்வது வெறும் பனி, உறைபனி அல்ல. நம் மார்கழி இரவின் குளிர் தக்காளி காய்பிடிக்க ஏற்ற குளிர். தயவுசெய்து மூடாதீர்கள், ஈரம் தங்கி இலைக்கருகல் வரும். சுருண்ட இலைகளை உற்றுப் பாருங்கள். அடியிலைகள் மட்டும் சுருண்டு பச்சையாகவே இருந்தால் கவலையில்லை. நுனியிலைகள் சிறுத்து, மஞ்சள் ஓடி, செடியும் குட்டையாக நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதில் ஒரு கிளையைக்கூட நட எடுக்காதீர்கள், நோயும் கூடவே வரும்.

உங்கள் செடி தாண்ட வேண்டியது கத்திரி வெயிலைத்தான். மகள் அங்கே நாற்று நடுகிற அதே மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பகல் 35 டிகிரிக்கு மேல் போய் இரவும் குளிராவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் காய்க்காது. இலவம்பாடி முள்கத்தரியின் பங்காளிதான் தக்காளி. கத்தரியைக் கவாத்து செய்து மறுதாம்பு விடுவது, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு அடியிலிருந்து மறுபடியும் துளிர்த்துக் காய்க்க விடுவது, நம் விவசாயிகளுக்குப் பழகிய வேலை. நீங்களும் பங்குனியில் காய்ப்பு ஓய்ந்ததும், நோயில்லாத செடிகளை மட்டும் ஒரு முழ உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். தொட்டிகளைத் தளத்தின் சூட்டிலிருந்து தூக்கிச் செங்கல்மேல் வையுங்கள். மேலே நிழல்வலை, மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ கொண்டு மூடாக்கு. வெயில் இறங்கிய பிறகு அளவாகத் தண்ணீர். வைகாசி, ஆனியில் கோடை தணிந்து மழை விழும்போது துளிர் வரும். அப்போது மண்புழு உரம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். முழுச்செடியைக் காப்பாற்ற இடமில்லை என்றால் மகளுக்குச் சொன்ன கிளைமுறையே உங்களுக்கும் பொருந்தும், ஜன்னலுக்குப் பதிலாகக் காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரம்.