பிரிட்ஜ் அமையவில்லை என்பதற்காக நெட்வொர்க்கிங்கை விடலாமா?

தம்பிக்கு,

நான்கு நாள் முயன்றும் லினக்ஸில் கேபிளையும் வைஃபையையும் ஒரே பிரிட்ஜில் (இரண்டு இணைப்புகளை ஒரே நெட்வொர்க்காக ஒட்டும் மென்பொருள் சுவிட்ச்) சேர்க்க முடியவில்லை, இந்தத் துறை எனக்கு வராது, மாறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பிழையைப் பார்ப்போம்.

ஈதர்நெட்டைச் சேர்த்தபோது பிரிட்ஜ் ஏற்றுக்கொண்டது. வைஃபையைச் சேர்த்ததும் ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்றது. சரி, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே மறுக்கிறது. வைஃபை கார்டு கிளையன்டாக இணைந்திருக்கும்போது அது அனுப்பும் ஃபிரேமில் (தரவுப் பொட்டலத்தில்) மூன்று முகவரிகள்தான் இருக்கும்: ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி), அனுப்பும் கார்டு, போய்ச் சேர வேண்டிய கருவி. கேபிளில் இருக்கும் இன்னொரு கணினியின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரிக்கு, தனி இடம் கிடையாது. அனுப்புநர் இடத்தில் அதைப் போட்டால், தன்னோடு இணையாத ஆள் என்று ஆக்சஸ் பாயின்ட் ஃபிரேமைத் தள்ளிவிடும்.

அதற்கும் இடம் தரும் நான்கு முகவரி முறையை (4addr) ஆன் செய்தால் கார்டு பிரிட்ஜில் சேர்ந்துவிடும். ஆனால் எதிர்முனையும் அதை ஆதரிக்க வேண்டும், இல்லையென்றால் இருந்த இணைப்பும் போய்விடும். அப்போது இரண்டையும் தனி நெட்வொர்க்குகளாக வைத்து ரூட்டிங் செய்வதும், கேபிள் பக்கத்து முகவரிகளை உங்கள் கணினியின் முகவரியாக மாற்றி அனுப்பும் என்ஏடியும் (NAT)தான் எளிய வழி. உங்கள் கணினியே ஹோஸ்ட்ஏபிடி (hostapd) என்ற மென்பொருள் மூலம் ஆக்சஸ் பாயின்டாக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. ஐபி முகவரியை ஈதர்நெட்டில் விட்டுவைக்காமல் பிரிட்ஜுக்குக் கொடுங்கள். நெட்வொர்க்கில் சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் எஸ்டிபியை (STP) ஆன் செய்திருந்தால் பிரிட்ஜின் போர்ட் திறக்க 30 நொடி ஆகும், அதற்குள் ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி (DHCP) சலித்துப்போய் விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொன்று. இரண்டு முறை ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மறுபடி நிறுவியிருக்கிறீர்கள், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை (tcpdump) ஒரு முறைகூட ஓட்டவில்லை. இந்த வேலையில் சம்பளம் கொடுப்பதே பாக்கெட் எந்த இடத்தில் தொலைந்தது என்று கண்டுபிடிக்கத்தான். லினக்ஸில் ஓடும் டாக்கர் கன்டெய்னர்களும் (ஒரே கணினியில் தனித்தனியாக ஓடும் மென்பொருள் பெட்டிகள்) பல விர்ச்சுவல் மெஷின்களும் இதே லினக்ஸ் பிரிட்ஜில்தான் உட்கார்ந்திருக்கின்றன, ஆகவே நீங்கள் மோதியது ஓரத்தில் கிடக்கும் விஷயம் அல்ல. நேர்முகத் தேர்வில் ‘லினக்ஸ் நெட்வொர்க்கிங் தெரியும்’ என்பவர் நிறைய பேர். ‘ஏஆர்பி கேள்வி (இந்த ஐபிக்கு மேக் முகவரி எது என்ற கேள்வி) வைஃபை வழியாக வெளியே போனது, பதில் வரவில்லை, காரணம் இது’ என்று சொல்பவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இந்த வாரம் இரண்டு டெர்மினல் திறந்து, ஈதர்நெட்டிலும் வைஃபையிலும் தனித்தனியாக டிசிபிடம்ப் ஓட்டுங்கள். கேபிள் பக்கத்துக் கணினியிலிருந்து பிங் செய்து, பார்த்ததை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அதைத் தேடும்போது நேரம் போனதே தெரியவில்லையா, எரிச்சல்தான் வந்ததா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். துறை மாறலாமா என்பதை அதை வைத்துப் பேசுவோம்.